எந்தப் பாதைக்கு எந்தச் சக்கரம்?



புதிய வண்டி ஒன்றை வாங்கியதும் அதனை ஆலய முற்றத்திற்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்வது நம் குடும்பங்களின் நல்வழக்கம். வேளாங்கண்ணிக்கே ஓட்டிச் சென்று, அன்னையின் திருமுன் நிறுத்தி வருவோரும் உளர். குரு தீர்த்தம் தெளிக்கிறார். கைப்பிடியில் செபமாலை தொங்குகிறது. முகப்பு விளக்கின்மேல் பூமாலை ஏறுகிறது. எல்லாரும் வண்டியின் மேற்பகுதியையே பார்த்து மகிழ்கின்றனர். ஆனால் அவ்வண்டியில் மண்ணைத் தொடுவது எது? இரண்டு டயர்கள், ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவான இடம், அவ்வளவே. ஓட்டுபவன் உயிரும், பின்னிருப்பவர் உயிரும், எதிரே வருபவர் உயிரும் அந்த இரண்டு உள்ளங்கைகளிலேதான் இருக்கின்றன.

இதைப் பற்றி இம்மாதம் எழுதக் காரணம் உண்டு. பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை இருவிதமாகக் கேட்கின்றனர். “சாமி, மகன் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் பந்தயத்தில் போடுகிற டயர் வேண்டும் என்கிறான். இது ஊதாரித்தனம் அல்லவா?” என்பது தந்தையர் கேள்வி. “விலை உயர்ந்த டயர் போட்டால் கீழே விழமாட்டான் என்றால், கடன்பட்டாவது வாங்கிக் கொடுத்துவிடலாமா, சாமி?” என்பது தாய்மார் கேள்வி. இரண்டிற்கும் விடை ஒன்றே: பந்தய டயர் என்பது உயர்ந்த டயர் அன்று, வேறோர் இடத்திற்குரிய டயர்.

ரப்பரின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். சாலை நம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும், அதன் மேற்பரப்பு சிறு கற்களின் மேடு பள்ளங்களால் ஆனது. டயரின் ரப்பர் இளகி அப்பள்ளங்களுள் பதிந்தாலன்றிப் பிடிப்பு உண்டாகாது. எந்த வெப்பத்தில் நன்கு இளக வேண்டும் என்பதை டயர் செய்வோர் ரப்பர்க் கலவையிலேயே முடிவு செய்துவிடுகின்றனர். பந்தய டயரின் கலவை மிகுந்த வெப்பத்திற்கென அமைந்தது. ஆதலின், களத்தில் இறங்குமுன்னரே மின்சாரத்தால் சூடாகும் உறைகளைச் சுற்றி, அந்த டயர்களை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகின்றனர். பிறகு ஓயாத வேகமும், கடும் பிரேக்கும், வளைவுதோறும் சாய்வும் அந்த வெப்பத்தைக் காத்து நிற்கின்றன.

அதே டயரை மாட்டிய வண்டியில் ஓர் இளைஞன் காலை 6 மணித் திருப்பலிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோமீட்டர் வழி. சந்து திரும்ப வேண்டும்; வேகத்தடை ஏற வேண்டும்; சிக்னலில் நிற்க வேண்டும். அந்த டயருக்கு வேண்டிய வெப்பம் எங்கிருந்து வரும்? சூடேறாத பந்தய ரப்பர் விறைத்துக் கிடக்கும். எளிய சாலை டயர் பிடிக்கும் இடத்திலேயே அது வழுக்கிவிடும். சாலை டயரோ குறைந்த வெப்பத்திலும் இளகுமாறு செய்யப்படுவது. அதன் கலவையில் சேரும் சிலிக்கா என்னும் பொருள் குளிரிலும் ஈரத்திலும் பிடிப்பு உண்டாகத் துணை செய்கிறது.

அடுத்தது மழை. டயரின் மேலுள்ள கோடுகளையும் பள்ளங்களையும் நம் ஊரார் “பட்டன்” என்பர். அவை உலர்ந்த தரையில் பிடிப்பைக் கூட்டுவதற்காக ஏற்பட்டவை அல்ல. டயருக்கும் சாலைக்கும் இடையே புகும் நீரை வெளியேற்றுவதற்காக ஏற்பட்டவை. உலர்ந்த தரையில் பள்ளம் குறையுமளவிற்குத் தரையில் படியும் ரப்பர் கூடும். ஆகவே பந்தயத்திற்கென்றே செய்யப்படும் “ஸ்லிக்” டயரில் பள்ளமே இராது. தேய்ந்து மொட்டையான டயரைப் பார்த்து அஞ்சுகிறோமே, இது பிறவியிலேயே மொட்டை! மழை வந்தால் பந்தய வீரரே இதைக் கழற்றிவிட்டு, பள்ளங்கள் நிறைந்த மழை டயரை மாட்டுகின்றனர். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அலுவலகம் செல்லும் இளைஞன் நடுவழியில் டயர் மாற்றுவானா? இரு சக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. எனவே ஸ்லிக் டயருக்குச் சாலையில் இடமே இல்லை.

இவ்வாறு கூறுவதால், களத்திற்குச் செல்ல விரும்பும் இளைஞனுக்கு வழியே இல்லை என்பதன்று. டயர்களில் நான்கு படிகள் உண்டு. முதலாவது, நெடும்பயண டயர்: நீண்ட நாள் உழைக்கும், மழையில் கைகொடுக்கும். இரண்டாவது, சாலைக்குரிய ஸ்போர்ட் டயர்: இவற்றுள் பலவற்றில் நடுப்பகுதி சற்றே கடினமான ரப்பராலும், வளைவில் சாயும்போது தரையைத் தொடும் இரு ஓரங்களும் மென்மையான ரப்பராலும் ஆனவை. மூன்றாவது, சாலையில் செல்ல அனுமதி இருப்பினும் களத்தையே முதன்மையாகக் கருதிச் செய்த டயர்: பள்ளம் குறைவு, தேய்வு விரைவு, சூடேறும்வரை பொறுமை தேவை. நான்காவது, ஸ்லிக்.

நாள்தோறும் கல்லூரிக்கோ வேலைக்கோ ஓட்டி, ஆண்டில் ஓரிரு முறை களத்தில் பயிற்சி பெறுவோனுக்கு இரண்டாம் படியே போதும். புதிதாகக் களம் புகுவோனின் திறமை முடிந்த இடத்திற்கு அப்பாலும் அந்த டயரின் திறமை நீளும். அடிக்கடி களம் செல்பவன் களத்து டயர்களைத் தனிச் சக்கரங்களில் பூட்டி வைத்துக்கொண்டு, அங்கே சென்றபின் மாற்றிக்கொள்வதே முறை. செலவு மிகுதி என்பானாயின், அது அவன் இன்னும் முதலிரு படிகளில் நிற்க வேண்டியவன் என்பதற்கு அடையாளம்.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்வது பெற்றோருக்கும் நல்லது. “140/70 ஆர் 17 66 எச்” என்றிருப்பதாகக் கொள்வோம். 140 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் 70 விழுக்காடு உயரம். அதாவது 98 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பு. 17 என்பது அங்குலத்தில் சக்கர வட்டின் விட்டம். 66 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 300 கிலோ தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர். இது டயர் தாங்கக்கூடிய எல்லையே அன்றி, ஓட்டுபவன் எட்ட வேண்டிய இலக்கு அன்று! இவற்றோடு, நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்பது பொருள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடையும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் விவரம் அறிந்தவரிடம் காட்டிச் சோதித்தல் வேண்டும்.

இளைஞர் இடறும் இடங்கள் சிலவற்றையும் இங்கே சுட்டுகிறேன். முதலாவது, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்று சக்கர வட்டு ஏற்காத அகலமான டயரை மாட்டுதல். குறுகிய வட்டில் திணித்த அகன்ற டயர் தன் வடிவம் இழக்கும். தரையில் படிய வேண்டியவாறு படியாது. சங்கிலியில் உரசவும் கூடும். இரண்டாவது, பந்தயத்தில் ஓடிக் கழித்த டயரை மலிவாக வாங்குதல். மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்ந்த ரப்பர் தன் மென்மையை இழந்திருக்கும். பள்ளம் மிச்சமிருக்கலாம், பிடிப்பு மிச்சமிராது. மூன்றாவது, புதிய டயரை மாட்டிய அன்றே வளைவில் சாய்த்துப் பார்த்தல். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பானது. முதல் 150 கிலோமீட்டர் வரையிலாவது அடக்கமாக ஓட்டி, அதனைப் பழக்க வேண்டும்.

நான்காவது, காற்று. களத்தில் டயர் மிகவும் சூடாவதால் உள்ளிருக்கும் காற்று விரிந்து அழுத்தம் ஏறும். அதைக் கருதியே அங்குக் குறைந்த காற்றோடு தொடங்குகின்றனர். இதைக் கேள்வியுற்ற சிலர், சாலையிலும் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்று எண்ணுகின்றனர். காற்றுக் குறைந்த டயர் அளவுக்கு மீறி நெளியும். பக்கச் சுவர் பழுதாகும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் சக்கர வட்டே வளைந்துபோகும். களத்திலிருந்து வீடு திரும்புமுன், வண்டியைச் செய்த நிறுவனம் குறித்த பவுண்டு அளவிற்குக் காற்றை மீண்டும் நிரப்புவதை ஒருவரும் மறத்தலாகாது. டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரியான அளவு.

இனி, வேகத்தைப் பற்றி ஒரு சொல். வேகத்தின்மேல் இளைஞர்க்குள்ள ஆசையைப் பாவம் என்று நான் சொல்லேன். பழைய தலைமுறையினர் சோழவரம் விமானத் தளத்தில் நடைபெற்ற பந்தயங்களை நினைவுகூர்வர். 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே தளம் ஒன்று திறக்கப்பட்டது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் ஒரு தளம் உண்டு. அங்கே எல்லாரும் ஒரே திசையில் செல்கின்றனர். எதிரே லாரி வாராது. குறுக்கே மாடு வாராது. கொடி காட்டி எச்சரிப்போரும், மருத்துவ வண்டியும் ஆயத்தமாக நிற்பர். தோலுடையும் தலைக்கவசமும் இன்றி எவரும் இறங்க இயலாது. வேகத்திற்குரிய இடம் அதுவே.

அவ்வளவு காவல் இருந்தும், 2023 ஆகஸ்டு மாதம் இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் நடந்த போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் வீழ்ந்து உயிர் துறந்தான். அந்தப் பெற்றோரின் துயரை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. காவல் மிகுந்த இடத்திலேயே இஃது நேருமாயின், காவல் ஏதுமற்ற பொதுச் சாலையில் விடியற்காலையில் போட்டி ஓட்டும் இளைஞரை எண்ணி நாம் எவ்வளவு அஞ்ச வேண்டும்!

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அதன் 2290-ஆம் எண்ணில், குடிவெறியாலோ வேக மோகத்தாலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்குள்ளாக்குவோர் பெருங்குற்றம் புரிகின்றனர் என்று கற்பிக்கிறது. 2007-இல் வத்திக்கானிலிருந்து வெளிவந்த ஏடு ஒன்று, வாகனம் ஓட்டுவோர்க்கெனப் பத்துக் கட்டளைகளையே வகுத்துத் தந்தது. அவற்றுள் முதலாவது, கொலை செய்தலாகாது என்பதே. ஐந்தாம் கட்டளை கத்திக்கும் துப்பாக்கிக்கும் மட்டும் உரியதன்று. தேய்ந்த டயருக்கும், இடமறியாத வேகத்திற்கும் உரியது.

ஆண்டவரை அலகை ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதிக்கும்படி தூண்டியதை நற்செய்தியில் வாசிக்கிறோம். வானதூதர் தாங்கிக்கொள்வர் என்பதே அது காட்டிய ஆசை. ஆண்டவர் குதிக்கவில்லை, கடவுளைச் சோதிப்பது முறையன்று என்று மறுத்துவிட்டார். மந்திரித்த வண்டிதானே என்று மொட்டை டயரோடு மழையில் விரைபவன், அந்த உச்சியிலிருந்து குதிப்பவனே ஆவான். செபம் விவேகத்திற்கு மாற்று அன்று. தலையான நற்பண்புகள் நான்கனுள் விவேகத்தை முதலில் வைத்தனர் நம் முன்னோர். செய்ய வேண்டியதைச் செய்வதற்குரிய நேரிய அறிவே விவேகம் என்று புனித தோமா அக்குவினார் விளக்குகிறார். எந்தப் பாதையில் செல்கிறேன், அதற்கு எது பொருந்தும் என்று கேட்பவனே விவேகி. எது விலை உயர்ந்தது, எது நண்பர் கண்ணுக்குப் பெருமை தருவது என்று கேட்பவன் அல்லன்.

காற்றடைத்த டயர் வழக்கிற்கு வந்த வரலாறு பெற்றோர் அறிய வேண்டியது. அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் வாழ்ந்தார். அவருடைய சிறு மகன் மூன்று சக்கர மிதிவண்டியில் கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கிச் செல்வதைக் கண்டு, அந்தச் சக்கரங்களுக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கொடுத்தார். 1888-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவருக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் தாம்சன் என்பவர் இத்தகைய சக்கரத்திற்கு உரிமை பெற்றிருந்தும், அது அன்று பரவவில்லை. உலகமெங்கும் பரவியது, மகன் செல்லும் பாதையைக் குனிந்து பார்த்த ஒரு தந்தையின் கைவேலை.

ஆகவே, தந்தையரே, டயர் வேண்டும் என்று மகன் கேட்டால், “முடியாது” என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். தாய்மாரே, கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டுச் செபமாலையோடு அமர்ந்துவிடாதீர்கள். “தம்பி, நீ எங்கே ஓட்டுகிறாய்? யாரைப் பின்னால் ஏற்றிச் செல்கிறாய்? மழையில் எப்படி ஓட்டுவாய்?” என்று அவனோடு அமர்ந்து கேளுங்கள். தேய்ந்த டயரை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஊதாரித்தனம் அன்று. அது குடும்பக் கடமை. வாங்கும் நாளில் அவனோடு நீங்களும் டயர்க் கடைக்குச் செல்லுங்கள். இளைஞனே, நீயும் உன் தந்தையை அழைத்துச் செல். உனக்குத் தெரிந்தது அவருக்கும், அவருக்குத் தெரிந்தது உனக்கும் வேண்டியிருக்கிறது.

இறைவன் உங்கள் வழிகளைக் காப்பாராக.