அசாம் ஜாவாவில் 3 லட்சம் ரிங்கிட் வீடு: கையில் 30,000 இருந்தால் போதுமா?

தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்ததும் போனது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் 5 தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் மாற்று வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அதனால் சொந்த வீடு வாங்க நீங்கள் அவசரப்படுவது புரிகிறது. ஆனால், புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

லோன் கிடைக்குமா?

முதல் இரண்டு வீடுகளுக்கு வங்கிகள் பொதுவாக 90% வரை கடன் தரும். தவணைக் காலம் அதிகபட்சம் 35 ஆண்டுகள். 3 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 270,000 கடன் என்றால், 4% வட்டியில் மாதம் சுமார் 1,200 ரிங்கிட் கட்ட வேண்டும்.

இபிஎஃப், சொக்சோ, வருமான வரி போக கைக்கு வரும் சம்பளத்தைத்தான் வங்கி பார்க்கும். உங்களுக்கு 3,500 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காடி தவணை 650, பிடிபிடிஎன் 150, வீடு 1,200: மொத்தம் 2,000. சம்பளத்தில் 57% கடனுக்கே போய்விடும். எவ்வளவு வரை ஏற்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் கடந்த 12 மாதத் தவணைகள் தெரியும். விண்ணப்பிக்கும் முன் நீங்களே அதை எடுத்துப் பாருங்கள்.

சம்பள சிலிப் இல்லையா? அத்தகையவர்களுக்கு எஸ்ஜேகேபி என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது.

மதிப்பீடு குறைந்தால் என்ன ஆகும்?

பழைய வீடு வாங்கும் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேற்குக் கரை நெடுஞ்சாலை அசாம் ஜாவாவைத் தொட்டுச் செல்கிறது. "ஹைவே வந்துடுச்சு" என்று சொல்லி விற்பவர் 300,000 கேட்கலாம். வங்கி நியமிக்கும் மதிப்பீட்டாளரோ அக்கம்பக்கத்தில் உண்மையிலேயே பதிவான விற்பனை விலைகளைப் பார்ப்பார். நகராண்மைக் கழக அனுமதி இல்லாமல் இழுத்துக் கட்டிய சமையலறை அவர் கணக்கில் சேராமல் போகலாம்.

அவர் 270,000 என்று சொன்னால், விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி 90% தரும். அதாவது 243,000. மீதி 57,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து வர வேண்டும். 30,000 என்று நினைத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும்.

மற்ற செலவுகள்?

விற்பனை ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25%: 3,750 ரிங்கிட். கடன் ஒப்பந்தத்துக்கும் அதே விகிதத்தில் சுமார் 3,040. மதிப்பீட்டுக் கட்டணம் சுமார் 590. சேவை வரி 8% சேர்த்தால் கிட்டத்தட்ட 8,000. பதிவு, நிலத் தேடல் போன்ற சில்லறைச் செலவுகள் தனி.

முத்திரை வரியில் ஒரு நிம்மதி உண்டு. பெயர் மாற்றத்துக்கு 5,000, கடன் ஒப்பந்தத்துக்கு 0.5% என்று வரவேண்டியது, 5 லட்சம் வரையிலான முதல் வீட்டுக்கு முழு விலக்கு. 2026 பட்ஜெட்டில் இந்தச் சலுகை 2027 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது.

இபிஎஃப் பணம் உதவுமா?

உதவும். சிஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காக எடுக்கலாம். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். அதுவரை புக்கிங், முன்பணம் எல்லாம் சொந்தக் காசுதான்.

புக்கிங் போடும் முன் என்ன செய்யலாம்?

• இரண்டு, மூன்று வங்கிகளிடம் அந்த வீட்டின் உத்தேச மதிப்பைக் கேளுங்கள். குறைவாக வந்தால், அதைக் காட்டியே விலை பேசுங்கள்.
• லோன் கிடைக்காவிட்டால் புக்கிங் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.
• நிலப் பட்டாவைப் பாருங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலமா, குத்தகை நிலமா, இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? குத்தகை நிலத்தைப் பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் தேவைப்படலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வீடு பிடித்திருக்கலாம். மதிப்பு தெரியும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.