கடைசிப் புள்ளிக்குப் பிறகும் பாருங்கள்!

சர்வதேசப் பாட்மிண்டன் போட்டி ஒன்று தொடங்கினால், முதல் நாலைந்து நாள் அது வீட்டில் யாரோ ஒருவருடைய விவகாரமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் நிலைமை மாறிவிடும். இறுதி ஆட்டம்! வீடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் கூடிவிடும். "யார் ஜெயிக்கிறார்கள்?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும். "சும்மா இரு, அம்மா!" என்று கூடத்திலிருந்து பதில் போகும். சமையலறைக் குரலுக்குச் சொந்தக்காரிகளே, இந்த வாரம் உங்களுக்காகவே எழுதுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு முன் வரிசையில் வந்து உட்காருங்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஐந்து பேராக நம் ஊர் மைதானங்களில் ஆடுவார்களே, அந்தப் பூப்பந்தாட்டம் வேறு; இது வேறு. இங்கே அடிபடுவது இறகுப் பந்து. ஒரு தக்கைக் குமிழில் பதினாறு இறகுகளைச் செருகியிருப்பார்கள். எடை ஐந்து கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். இவ்வளவு லேசான வஸ்து காற்றுக்குப் பயப்படாமல் இருக்குமா? மூடிய அரங்கத்துக்குள்ளேகூடக் குளிர்சாதனக் காற்று ஒரு பக்கமாக வீசினால் போதும். இந்தப் பக்கம் நின்று அடித்தால் கோட்டுக்குள் விழும் அதே அடி, அந்தப் பக்கம் நின்று அடித்தால் கோட்டைத் தாண்டிப் போய் விழும். அதனால்தான் ஒவ்வொரு செட் முடிந்ததும் பக்கம் மாறுகிறார்கள். மூன்றாவது செட் வந்தால் அதன் நடுவிலும் ஒரு முறை மாறுவார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று தடுமாறினால், உடனே அவள் மேல் குற்றம் சொல்லிவிடாதீர்கள். பக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இறுதி நாளில் ஐந்து ஆட்டங்கள் உண்டு. ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், இருபாலாருக்கும் தனித்தனியே இரட்டையர், அப்புறம் கலப்பு இரட்டையர். இந்தக் கலப்பு இரட்டையரை மட்டும் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் பெண் வலைக்கு அருகே முன்னால் நிற்பாள். ஆண் பின்னால் நின்று ஓங்கி அடிப்பான். அப்படி ஓங்கி அடிக்கத் தோதாக எதிராளி இறகைத் தூக்கிக் கொடுக்கிறானே, அவனை அந்த நெருக்கடிக்குக் கொண்டுவந்தது யார்? முன்னால் நிற்கும் அந்தப் பெண்தான். கைதட்டல் என்னவோ பின்னால் நிற்பவனுக்குப் போகும். இது உங்களுக்குப் புதுக் கதையா, என்ன?

ஒற்றையர் ஆட்டத்தில் எல்லோரும் மட்டையையே பார்ப்பார்கள். நீங்கள் கால்களைப் பாருங்கள். 22 அடி நீளமும் 17 அடி அகலமும் உள்ள இடத்தை ஒருத்தி தனியாகக் காக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு நடு இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறாளா? வந்துவிட்டால் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது செட்டின் பாதியில் ஓர் அடி குறைவாகத் திரும்புகிறாளா? முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது புள்ளிப் பலகைக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் ஆண்கள் செட்டுக்கு 15 புள்ளி, பெண்கள் ஒற்றையரில் 11 புள்ளி என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2006-இல் 21 புள்ளி முறை வந்தபோது இருவருக்கும் ஒரே கணக்கு ஆயிற்று. இந்த முறையில் 20-20 என்று வந்துவிட்டால் இரண்டு புள்ளி முந்தினால்தான் செட் கிடைக்கும். இனி நான் சொல்லப்போகும் ஆட்டங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் ஆடப்பட்டவையே.

இறுதி ஆட்டம் என்றால் என்ன என்பதைப் பி. வி. சிந்துவைப்போல் அறிந்தவர்கள் அபூர்வம். தாய், தந்தை இருவரும் வாலிபால் ஆடியவர்கள். மகள் மட்டையைப் பிடித்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டம். ஸ்பெயின் நாட்டுக் கரோலினா மரினோடு மோதி, முதல் செட்டை ஜெயித்து, பிறகு இரண்டையும் தோற்றார். ஜெயித்த மரின் தரையில் விழுந்து அழுதார். தோற்ற சிந்து வலையைத் தாண்டிப் போய் அவரைத் தழுவிக்கொண்டார். கீழே கிடந்த மரினின் மட்டையை எடுத்து வைத்தார். ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற முதல் இந்தியப் பெண்மணி அன்று செய்த காரியம் அது.

2017-இல் கிளாஸ்கோ நகரில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரே ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா. சிந்து கிட்டத்தட்ட ஐந்தடி பத்தங்குலம். அவரோ ஐந்தடிக்குச் சற்றே மேல். உயரத்தைப் பார்த்து யாராவது முடிவு சொல்லியிருந்தால் ஏமாந்திருப்பார்கள். இரண்டாவது செட்டின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் இறகு 73 முறை வலையைக் கடந்தது! அந்தப் புள்ளி சிந்துவுக்கு. ஆனால் மூன்றாவது செட் 20-20 வரை வந்து, 22-20 என்று ஒகுஹாராவுக்குப் போயிற்று. மொத்தம் 110 நிமிஷம். பார்த்தவர்களுக்கே மூச்சு வாங்கிற்று என்றால் ஆடியவர்களைக் கேட்க வேண்டுமா?

2018-இல் நான்ஜிங்கில் மறுபடியும் உலகச் சாம்பியன்ஷிப், மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் மரின், மறுபடியும் தோல்வி. மூன்று வருஷத்தில் மூன்று பெரிய வெள்ளி! "இந்தப் பெண்ணுக்கு இறுதி ஆட்டம் என்றாலே ராசியில்லை" என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. உலகத்தில் இரண்டாவதாக வருவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அப்போது நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2019 ஆகஸ்டு 25-ஆம் தேதி, பாஸல் நகரம். அதே உலகச் சாம்பியன்ஷிப், அதே ஒகுஹாரா. 21-7, 21-7. முப்பத்தெட்டே நிமிஷம்! பாட்மிண்டனில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார் சிந்து. அன்றைக்கு அவருடைய தாயாரின் பிறந்த நாள். பதக்கத்தை அம்மாவுக்கே காணிக்கை என்றார். 110 நிமிஷம் ஆடித் தோற்ற கால்கள்தான் 38 நிமிஷத்தில் ஜெயித்தன.

வெற்றி பெற்றவர்களுக்கு மட்டும் எல்லாம் சுகமா? அந்த மரினையே பாருங்கள். முழங்கால் தசைநார் இரண்டு முறை அறுந்து, இரண்டு முறையும் குணமாகித் திரும்பியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் செட்டை ஜெயித்து, இரண்டாவதிலும் முந்திக்கொண்டிருந்தபோது முழங்கால் மீண்டும் கைவிட்டது. பட்டை கட்டிக்கொண்டு ஆடப் பார்த்தார், முடியவில்லை. அழுதபடி வெளியேறினார். அதனால் இறுதி ஆட்டத்துக்குப் போன சீனாவின் ஹே பிங்ஜியாவ், அங்கே தென் கொரியாவின் ஆன் சே யங்கிடம் தோற்றார். வெள்ளிப் பதக்கம் வாங்க மேடை ஏறியபோது, ஸ்பெயின் அணியின் சின்னம் பொறித்த சிறிய வில்லை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். 'இங்கே நிற்க வேண்டியவள் இன்னொருத்தி' என்று உலகத்துக்குச் சொல்ல அந்த வில்லை போதுமானதாக இருந்தது.

அதே 2024-இல், அதே பாரிஸில், மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் இறுதி ஆட்டத்தில் நின்றவர் நம் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன். கையில் குறைபாடுள்ளோருக்கான பிரிவு அது. சீனாவின் யாங் சியூஷியாவிடம் தோற்று வெள்ளி வாங்கினார். அதே பிரிவில் வெண்கலம் வாங்கியவர் மனீஷா ராமதாஸ், அவரும் தமிழ்நாட்டுப் பெண்ணே. இந்தப் பெயர்களை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

ஆகையால் அடுத்த இறுதி ஆட்டத்தின்போது எனக்காக ஒன்று செய்யுங்கள். கடைசிப் புள்ளி விழுந்ததும் பெட்டியை அணைத்துவிடாதீர்கள். இருவரும் வலைக்கு வந்து கை கொடுப்பதைப் பாருங்கள். தோற்றவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைக் கட்டிக்கொண்டு, பிறகு மேடையில் நிமிர்ந்து நிற்பதைப் பாருங்கள். பெண் குழந்தை இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு வாங்கி, முகம் வாடி அவள் வருகிற நாள் ஒன்று வரும். "முதல் பரிசு யாருக்கு?" என்று அன்று கேட்காதீர்கள். "எப்படி ஆடினாய், சொல்லு" என்று கேளுங்கள்.