சாமி கும்பிடாமல் பாத்திரம் கழுவும் தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்ததும் ஒரு ஆண்ட்டி எங்களிடம் வந்து கேட்டார்: "அந்தப் பையன் வாரா வாரம் வர்றான். பின்னாடி நின்னு பாத்திரம் கழுவுறான். ஆனா உள்ளே வந்து ஒரு கும்பிடு போடுறதில்ல, திருநீறு வாங்குறதில்ல. அப்புறம் எதுக்கு லா கோயிலுக்கு வர்றான்? நீங்கல்லாம் கேக்க மாட்டீங்களா?"

இதே கேள்வியை வாட்ஸ்அப் குரூப்பிலும் இரண்டு பேர் போட்டிருந்தார்கள். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறோம். ஏன்னா இது அந்தத் தம்பியைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை, எங்களைப் பற்றியதும்தான். தம்பியிடம் கேட்ட பிறகே எழுதுகிறோம். பேர் மட்டும் போட வேண்டாம் என்றார்.

பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயக் கதவை மூடினோமே, அப்போ அவர் பள்ளிக்கூடப் பையன். பிறகு கட்டுப்பாடு தளர்ந்து, பக்கத்து ஃப்ளாட் வீடுகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்தான் முதல் ஆளா வந்து நிப்பார். தேவார வகுப்பிலும் நல்லா பாடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால அவருடைய தங்கச்சி இறந்துபோனாள். ஒன்பது வயசு. ரத்தப் புற்றுநோய். பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். "ஏன் அண்ணே, அவ என்ன தப்பு செஞ்சா?"ன்னு கேட்டார். எங்களில் ஒருத்தர் உடனே சொன்னார்: "போன ஜென்மத்துக் கர்மா தம்பி. அனுபவிச்சுக் கழிச்சுட்டுப் போயிட்டா. அழக் கூடாது." மற்றவர்கள் தலையாட்டினோம்.

சொன்னவர் கெட்டவர் இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில் சொன்னார். எங்களில் யார் வாயிலும் அதுதான் வந்திருக்கும். அன்றிலிருந்து எட்டு மாசம் தம்பி கோயில் பக்கமே வரவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, முன்வாசல் வழியா வராமல், பின்பக்கக் குழாயடிக்கு வந்து அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார். நாங்கள் மெதுவா பேச்சுக் கொடுத்தோம். "அண்ணே, சாமி இருக்காரான்னு எனக்கு இப்போ தெரியல. ஆனா வீட்ல சும்மா உக்காந்திருக்க முடியல. இங்க வேலை இருக்கு"ன்னார். அடுத்த வாரம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆல்பெர் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1947-ல் வெளியிட்ட 'தி பிளேக்' நாவல், ஆங்கில மொழிபெயர்ப்பில். எங்களுக்கு ஆங்கிலம் அப்படி ஒன்றும் பெரிசா ஓடாது. மூணு பேர் மாத்தி மாத்திப் படித்தோம். புரியாத இடத்தை ஃபோர்ம் சிக்ஸ் படிக்கிற ஒருத்தர் மகளிடம் கேட்டுக்கொண்டோம்.

அந்தக் காலத்து ஐரோப்பிய எழுத்தில் ஒரு பெரிய போக்கு இருந்தது. தமிழில் இருத்தலியல் என்பார்கள். வாழ்க்கைக்கு அர்த்தம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்காது, மனுசன் தன் செயலால்தான் அதை உண்டாக்கணும் என்பது அதில் முக்கியமான எண்ணம். காம்யுவையும் அந்த வரிசையில்தான் வைப்பார்கள், ஆனா அந்தப் பட்டத்தை அவரே ஏற்கவில்லை. ஒரு வயசு ஆகுமுன்னே போரில் அப்பாவைப் பறிகொடுத்தவர். அம்மா வீடு கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பதினேழு வயசிலேயே அவருக்குக் காசநோய். நாற்பத்து நாலாவது வயசுக்குள், 1957-ல், நோபெல் பரிசு. சும்மா நாற்காலியில் உட்கார்ந்து விரக்தி பேசின ஆள் இல்லை.

அல்ஜீரியாவில் ஓரான் என்ற ஊர். கொள்ளைநோய் வருகிறது, ஊரை அடைத்துவிடுகிறார்கள். நமக்குப் பழகின கதைதானே! அங்கே ரியூ என்று ஒரு டாக்டர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தாரூ என்பவர் தொண்டர் குழுக்களை அமைக்கிறார். பானெலூ என்று ஒரு பாதிரியார். நோய் ஆரம்பித்தபோது பாதிரியார் தேவாலயத்தில் ஒரு பிரசங்கம் செய்கிறார். இது உங்களுக்கு வந்த தண்டனை, நீங்கள் செய்ததற்குக் கிடைத்தது என்ற தோரணையில். அதைப் படித்தபோது எங்களுக்கு அந்தப் பதினாறாம் நாள் காரியம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதோடு நிற்கவில்லை. அந்தப் பாதிரியாரே தொண்டர் குழுவில் சேர்ந்து நோயாளிகளுக்கு நடுவில் வேலை செய்கிறார். ஒரு நாள் ஒரு நீதிபதியின் சின்னப் பையன் வலியில் துடித்துத் துடித்துச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பிறகு இரண்டாவது முறை பிரசங்கம் செய்கிறார். அவர் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. ஆனா ஒரு வார்த்தை மாறியிருக்கிறது. முதல் பிரசங்கத்தில் "நீங்கள்" என்று பேசியவர், இப்போது "நாம்" என்று பேசுகிறார்.

அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சில அன்பர்கள் கேட்கலாம்: "அப்போ கர்மா பொய்யா? வெள்ளைக்காரன் புத்தகத்தைப் படிச்சு நம்ம சமயத்தை மாத்தப் பாக்குறீங்களா?" இல்லை ஐயா. வினைக் கொள்கை நம்முடையதுதான், அதை நம்புகிறோம். அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் நம் திருமுறையிலேயே இருக்கிறது.

திருநீலகண்டப் பதிகம் நம்மில் பலருக்கு மனப்பாடம். உடம்புக்கு முடியாதபோது பாடுகிறோம். அது பிறந்த கதையை நினைத்துப் பாருங்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. ஞானசம்பந்தர் அவர்களைப் பார்த்து "உங்க வினை, அனுபவிங்க" என்றா சொன்னார்? வினை வினை என்று சொல்லிக்கொண்டு, மீளும் வழி தேடாமல் இருப்பதுதான் குறை என்று பதிகத்தின் தொடக்கத்திலேயே இடித்துக் காட்டுகிறார். அவருக்குச் சுரம் இல்லை. இருந்தும் வினை நம்மைத் தீண்டாது என்று, தன்னையும் அடியார்களோடு சேர்த்துத்தான் பாடுகிறார். 'தி பிளேக்' பாதிரியார் ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகு வந்து சேர்ந்த இடத்தில், நம்முடைய சம்பந்தப் பிள்ளையார் முதலிலிருந்தே நின்றிருக்கிறார். நாம்தான் பதிகத்தைப் பாடிவிட்டு, அதற்கு நேர்மாறாகப் பேசியிருக்கிறோம்.

சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். கண் போனதும் இறைவனிடமே கோபித்துக்கொண்டு பாடினார். அந்தப் பாட்டை யாரும் தூக்கி எறியவில்லை. ஏழாம் திருமுறையாகத் தொகுத்து, இன்றைக்கும் சந்நிதியில் நின்று பாடுகிறோம். சாமியிடம் சண்டை போட்டவருக்கு இடம் கொடுத்த சமயம் இது. அண்டா கழுவ வருகிற ஒரு தம்பிக்கு இடம் இல்லாமல் போகுமா?

எங்கள் கருத்து இதுதான். தம்பி திருநீறு பூசுவாரா, எப்போ பூசுவார் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. அது அவருக்கும் சாமிக்கும் நடுவில் உள்ள வழக்கு. காம்யுவின் இன்னொரு நூலில், கல்லை மலை உச்சிவரை உருட்டிக்கொண்டே போகும் ஒருவன் வருகிறான். கல் திரும்பவும் கீழே உருண்டு வந்துவிடும். எங்களுக்குக் குழாயடிதான் ஞாபகம் வந்தது. எத்தனை தேய்த்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அதே அண்டா, அதே அடிப்பிடித்த சாம்பார். அப்படியும் திரும்ப வந்து தேய்க்கிறோமே, அதற்கு நாங்கள் தொண்டு என்று பேர் வைத்திருக்கிறோம். தம்பி இன்னும் எந்தப் பேரும் வைக்கவில்லை. தேய்த்த அண்டாவில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அன்பர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு விஷயம். துக்க வீட்டுக்குப் போனால் விளக்கம் சொல்லாதீங்க. கர்மாக் கணக்கு அவரவர் தன் வாழ்க்கையைப் பார்த்துத் திருந்துவதற்கு, அடுத்தவர் குழந்தையின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து போடுவதற்கு இல்லை. பேச எதுவும் தோணலைன்னா நாற்காலி எடுத்துப் போடுங்க, தேத்தண்ணி ஊத்திக் கொடுங்க, பக்கத்தில் உட்காருங்க.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை குழாயடியில் ஆள் பத்தவில்லை. "அவன் ஏன் கும்பிடலை"ன்னு கேட்கிறவர்கள் தயவுசெய்து ஒரு வாரம் வந்து அவர் பக்கத்தில் நின்று கழுவிப் பாருங்க. கேள்வி மட்டும் எதுவும் கேட்காதீங்க.

தம்பி, அன்றைக்கு நாங்கள் பேசினது தப்பு. நேரில் சொல்லிவிட்டோம். எல்லாரும் பார்க்க இங்கேயும் சொல்கிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்திப்போம். சிவாயநம.

ஆலயத் தொண்டர்கள்