துணைக்கையாக வந்த ஆங்கிலம்

சூலைத் திங்களின் மூன்றாம் கிழமையையொட்டி, கோடை விடுமுறைக்கு முன்னாள், சப்பானியப் பள்ளிகளில் பருவமுடிவுக் கூட்டம் நடைபெறும். உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தளத்தில் மாணவர் வரிசை வரிசையாய் அமர்ந்திருப்பர். தலைமையாசிரியர் பேசி முடித்தபின், அவ்வாண்டு விடைபெறும் அயல்நாட்டு இளைஞர் ஒருவர் மேடையேறுவார். அவர் அமெரிக்கராக இருக்கலாம். ஆங்கிலேயராகவோ ஆத்திரேலியராகவோ இருக்கலாம். ஓராண்டுக்கு முன் அதே மேடையில் தம்மை அறிவித்துக்கொண்டபோது, ஆங்கிலத்தில் நாலு சொல்லும் நெட்டுருச் செய்த சப்பானியத்தில் ஒரு வணக்கமும் சொல்லி இறங்கியவர் அவர். இப்பொழுது விடைபெறும் உரையைப் பெரும்பாலும் சப்பானிய மொழியிலேயே ஆற்றுகின்றார். பிழைகள் உண்டு, பின்வரிசைச் சிறுவர் நகைப்பதும் உண்டு. எனினும் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் அம்மண்ணின் மொழியைக் கற்றுத் திரும்புகின்றார் என்பது அக்கூடத்தில் உள்ளார் அனைவர்க்கும் விளங்கிவிடுகின்றது.

இவர்களை அழைத்துவரும் 'செட்' என்னும் அரசுத் திட்டம் 1987-இல் தொடங்கியது. அமெரிக்கா, பிரித்தானியா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளினின்று அவ்வாண்டில் வந்தோர் 848 பேர். 2019-இல் 57 நாடுகளினின்று வந்து பணியாற்றினோர் 5,761 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் பள்ளித் துணையாசிரியரே. ஒரு பட்டம் பெற்றிருந்தால் போதும். ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. சப்பானிய மொழி தெரிந்திருக்கவும் வேண்டுவதில்லை. பணி ஓராண்டுக்குரியது, இருபாலும் இசைந்தால் ஐந்தாண்டுவரை நீளும்.

இப்பணிக்குச் சப்பானியர் இட்டுள்ள பெயர் நோக்கத்தக்கது. 'கைக்கொக்குகோ சிதோ சோசு' என்பர். அயல்மொழி வழிகாட்டலுக்குரிய துணையர் என்பது அதன் பொருள். இப்பெயரில் ஆங்கிலம் என்னும் சொல்லே இல்லை. ஆங்கிலமும் அயல்மொழிகளுள் ஒன்று என்ற அளவில் நின்றுவிட்டது. 'சோசு' என்பதை எழுதும் ஈரெழுத்துகளுள் முன்னது துணை, பின்னது கை. ஆக, வந்தவர் துணைக்கை. கை ஏவிய பணியைச் செய்யும். தலைக்குரிய இடத்தைக் கேளாது.

பெயருக்கேற்பவே வேலையும் அமைந்துள்ளது. வகுப்புக்குப் பொறுப்புடையவர் சப்பானிய ஆசிரியரே. நடுநிலைப் பள்ளியில் ஐம்பது நிமையப் பாடவேளையில் அயலவர் ஒரு பகுதியை உரக்கப் படிப்பார். மாணவர் பின்பற்றிச் சொல்வர். ஒரு சொல்விளையாட்டு நடக்கும். குறிப்பேடுகளைத் திருத்தித் தருவார். மணி அடித்ததும் ஆங்கிலம் வெளியேறிவிடும். அடுத்து வரும் கணக்கும் வேதியியலும் வரலாறும் சப்பானிய மொழியிலேயே நடக்கும். நண்பகலில் அவர் மாணவரோடு வகுப்பறையிலேயே உண்பார். பின் துடைப்பம் எடுத்து அவர்களோடு தரை பெருக்குவார். தட்டில் உள்ள கறிக்குப் பெயரென்ன, கையில் உள்ள கந்தைக்குப் பெயரென்ன என்று பன்னிரண்டு அகவைச் சிறுமி அவர்க்குச் சொல்லித்தருவாள். அவ்வேளையில் ஆசிரியை அவளே.

அவ்வேதியியல் வகுப்பைச் சற்று உற்றுநோக்க வேண்டும். உயிர்வளியைச் சப்பானியர் 'சான்சோ' என்பர். புளிப்பின் மூலம் என்பது பொருள். உதகாவா யோஆன் என்னும் அறிஞர் தச்சு மொழிச் சொல்லின் பொருளறிந்து 1830-களில் ஆக்கிய சொல் அது. நரம்பைக் குறிக்கும் 'சின்கெய்' அதனினும் மூத்தது. சுகித்தா கென்பாக்கும் அவர் தோழரும் உடற்கூற்று நூலொன்றைத் தச்சு மொழியினின்று பெயர்த்து 1774-இல் வெளியிட்டபோது பிறந்தது. மெய்யியலுக்குரிய சொல்லை நிசி அமனே 1870-களில் வழங்கவிட்டார். இவையெல்லாம் சீன வேர்களினின்று ஆக்கப்பட்டவையேயன்றித் தனிச் சப்பானியம் அல்ல என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், அயலறிவை வாங்கினார், அயல்மொழியைப் பயிற்றுமொழியாக்கினாரில்லை.

அஃது எளிதில் நேர்ந்ததுமன்று. வாசிங்டனில் சப்பானியப் பேராளராயிருந்த மோரி அரிநோரி, எளிமையாக்கிய ஆங்கிலத்தைத் தம் நாட்டு மொழியாக ஏற்கலாமா என்று 1872-இல் யேல் பல்கலைக்கழக மொழிநூலறிஞர் விட்னிக்கு எழுதினார். மக்களைத் தாய்மொழியாலன்றிக் கற்பிக்க இயலாது என்று தடுத்தவர் அந்த அமெரிக்கரே! இலண்டனில் பயின்றுகொண்டிருந்த பாபா தத்சுயி என்னும் இளைஞர், தம் மொழிக்கு ஓர் இலக்கணநூல் எழுதி 1873-இல் வெளியிட்டு, ஆங்கிலத்தை ஏற்றால் மேலோர் ஒரு மொழியும் ஏழையர் வேறு மொழியுமாய் நாடு இரண்டுபடும் என்று அதன் முன்னுரையில் மறுத்தார். மோரி 1885-இல் நாட்டின் முதற் கல்வியமைச்சரானார்; ஆயினும் அவ்வெண்ணம் ஈடேறவில்லை.

இதனினும் ஆழ்ந்து எண்ணியவர் புதின ஆசிரியர் நாத்சுமே சோசெக்கி. அவரே ஆங்கில ஆசிரியர். 1895-இல் மத்சுயாமாவிலும் அடுத்த ஆண்டு குமமோத்தோவிலும் ஆங்கிலம் கற்பித்தார். 1900 முதல் 1902 வரை இலண்டனில் அரசுச் செலவில் தங்கித் துன்புற்று மீண்டு, தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் விரித்துரைத்தார். மாணவரின் ஆங்கிலம் தாழ்ந்துவிட்டது என்று பலர் அழுத காலத்தில், 1911-இல் அவர் வேறு கூறினார். தம் இளமையில் நிலநூல், வரலாறு, கணக்கு யாவும் ஆங்கில நூல்களாலேயே கற்பிக்கப்பட்டமையால் ஆங்கிலம் மிக்கிருந்தது. இன்று அவை தாய்மொழியில் நடப்பதால் ஆங்கிலம் குறைவது இயல்பே. பழைய நிலை ஆங்கிலேயர்க்கு அடிமைப்பட்ட இந்தியாவைப் போன்றது என்பது அவர் கருத்து. பழைய சென்னை மாகாணத்து உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிருந்த காலம் அது. கடல்கடந்த ஓர் ஆங்கில ஆசிரியர் கண்ட இழிவை இங்கு எத்தனை ஆங்கில ஆசிரியர் கண்டனர்?

ஆங்கிலம் தாழ்ந்தது என்னும் அழுகை இன்றும் அங்கு ஓயவில்லை. தனியார் நிறுவனம் ஒன்று ஆங்கிலத் திறனை அளந்து வெளியிட்ட 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் 116 நாடுகளுள் சப்பானுக்கு 92-ஆம் இடம். இதைக் காட்டி, துணையாசிரியர்க்குக் கொட்டிய பணம் வீண் என்பாருளர். ஆனால் 2008-இல் இயற்பியலுக்கு நோபெல் பரிசு பெற்ற மசுக்காவா தொசிகிதே, தமக்கு ஆங்கிலம் பேசவராது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, பரிசுப் பேருரையைச் சப்பானிய மொழியில் நிகழ்த்தினார். அணுவின் உட்கூறு அவர்க்கு விளங்குவதற்கு ஆங்கிலப் பேச்சு வேண்டியிருக்கவில்லை!

சப்பானியர் மொழியறத்தில் மாசற்றவர் என்று மயங்குதலும் கூடாது. ஒக்கினாவாவில் தம் தாய்மொழி பேசிய சிறுவர் கழுத்தில் பலகை மாட்டி இழிவுபடுத்திய பள்ளிகள் அவர்களுடையனவே. ஐனு மொழியும் தென்தீவு மொழிகளுமாக எட்டு மொழிகள் அந்நாட்டில் அழிவின் வாயில் நிற்பதாக ஐ.நா. கல்வியமைப்பு 2009-இல் அறிவித்தது. வேல்சு நாட்டினின்று ஒக்கினாவாவுக்குப் பணிக்கு வரும் துணையாசிரியர்க்கு அப்பலகையின் கதை புதியதாயிராது. அவர் முன்னோர் கழுத்திலும் ஆங்கிலப் பள்ளி அத்தகைய பலகையைத் தொங்கவிட்டதுண்டு. தன் மொழியை ஆங்கிலத்தினின்று காத்தவன், தன்னினும் எளியவன் மொழியைத் தின்றான். இதற்கு எவ்வகை அமைவும் சொல்வதற்கில்லை.

இப்பொழுது ஒரு புதுக் கவலையும் எழுந்துள்ளது. 2020 முதல் தொடக்கப்பள்ளி ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பீட்டுக்குரிய பாடமாகிவிட்டது. விளையாட்டாய்க் கேட்ட மொழி, இனித் தேர்வாய் அச்சுறுத்தும். துணைக்கை என்று வந்தது மெல்லத் தோளிலும் ஏறுமோ என்று அங்குள்ள ஆசிரியர் சிலர் ஐயுறுவதில் பொருளுண்டு.

கூடத்தில் உரை முடிந்ததும் மாணவர் தடித்த அட்டையொன்றை அவர்க்கு அளிப்பர். நடுவில் அவர் பெயர். சுற்றிலும் ஆளுக்கு இரண்டு வரி. பெயரை எழுதியிருப்பது 'காத்தக்கானா' என்னும் வரிவடிவில். அயற்சொல்லுக்கும் அயலார் பெயருக்கும் சப்பானியர் ஒதுக்கிவைத்த எழுத்து அது. ஓராண்டு உடனுண்டு உடன்பெருக்கிய பின்னரும், அன்பு குறையாமலே, அவரை அவ்வெழுத்திலேயே எழுதுகின்றனர். சுற்றியுள்ள வரிகளுள் ஒன்றிரண்டு பிழைபட்ட ஆங்கிலம், மற்றவை சப்பானியம். சென்ற ஆண்டாயின் உடனாசிரியர் யாரேனும் படித்துப் பொருள் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இவ்வாண்டு அவரே வானூர்தியில் அமர்ந்து, எழுத்துக்கூட்டி, ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டு போவார். ஆகத்துத் திங்களில் அவர் மேசைக்கு வேறொருவர் வருவார், நெட்டுருச் செய்த ஒரு வணக்கத்தோடு.