பட்டியலைப் பார்த்து உயிரியல் படிக்காதீர்கள்

பிளஸ் டூ முடிவு வந்த வாரமே வீடுகளில் கேள்வி தொடங்கிவிடுகிறது: "என்.ஐ.ஆர்.எஃப்.ல அந்த யுனிவர்சிட்டி எத்தனாவது?" விலங்கியலோ தாவரவியலோ நுண்ணுயிரியலோ, பட்டியலில் மேலே இருக்கும் இடத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் மட்டுமல்ல, பள்ளி ஆசிரியர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. உயிர் அறிவியல் படிக்கப்போகும் பிள்ளையை இது தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

2016இல் முதன்முதலாக வெளியான என்.ஐ.ஆர்.எஃப். எனும் இந்தத் தேசியத் தரவரிசை, பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்கென 30 மதிப்பெண் தருகிறது. அது பெரும்பாலும் பேராசிரியர்களும் பிஎச்.டி. மாணவர்களும் எழுதிய கட்டுரைகளால் வருவது. கற்பித்தலுக்கும் 30 உண்டு. அங்கே முக்கியமாக எண்ணப்படுவது ஆசிரியர் விகிதம், முனைவர் பட்டம், செலவுக் கணக்கு. வெளியார் மனத்தில் உள்ள நற்பெயருக்கு 10. முதலாண்டு மாணவி நுண்ணோக்கியில் கண் வைத்தாளா என்ற கேள்வி எங்கும் இல்லை. தவிர, சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் வளாகத்தில் நடப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆய்வும்தான், பி.எஸ்சி. நடப்பது இணைவுக் கல்லூரிகளில். பல்கலைக்கழகத்தின் ரேங்க் அந்தக் கல்லூரி ஆய்வகத்துக்கு எப்படிப் பொருந்தும்?

விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பயிற்சிக்கு 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தடை விதித்தது. அந்த நேரத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் ஒரு விலங்கியல் துறையின் தரம் தெரியும். சுவரில் படத்தை மாட்டி, ரெக்கார்டு நோட்டில் வரையச் சொல்லி முடித்துவிடலாம். பழ ஈயும் வளர்க்கலாம். ரவை, வெல்லம், அகர் சேர்த்துக் காய்ச்சிய உணவு, பஞ்சடைத்த பாட்டில்கள், 25 டிகிரி வெப்பம். முட்டை ஈயாகப் பத்துப் பன்னிரண்டு நாள். கூட்டைவிட்டு வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பிரிக்காவிட்டால் இனக்கலப்புச் சோதனை கெட்டுவிடும். அதற்காக மாணவர்கள் காலையிலேயே ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும். வெள்ளைக் கண் தாய்க்கும் சிவப்புக் கண் தந்தைக்கும் பிறந்த மகன்கள் வெள்ளைக் கண்ணோடும் மகள்கள் சிவப்புக் கண்ணோடும் வருவதைத் தன் கையால் எண்ணிப் பார்த்த மாணவருக்கு, எக்ஸ் குரோமோசோமைப் பற்றி யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. கோடி ரூபாய்க் கருவி இதற்குத் தேவையில்லை. அக்கறையுள்ள ஓர் ஆசிரியர் தேவை. அவர் பட்டியலில் பெயரே இல்லாத சிற்றூர்க் கல்லூரியிலும் இருக்கலாம்.

ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைக் காட்டி மறுப்பார்கள். ஏழு ஐசர்களும் உயிரியல் கற்க நல்ல இடங்களே. ஆனால் அங்கே ஐந்தாண்டுப் படிப்பின் கடைசி ஆண்டை மாணவர் ஆய்விலேயே கழிக்கிறார். சிறப்பு அதில்தான் இருக்கிறது, ரேங்கில் இல்லை. வேலைக்குப் பெரிய பெயர் வேண்டுமே என்பார்கள். பெயர் நேர்முகத் தேர்வு வரை கூட வரும். "ஆய்வகத்தில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும்போது அதனால் பதில் சொல்ல முடியாது.

ஆகவே பணம் கட்டும் முன், செய்முறை வகுப்பு நடக்கும் ஒரு பிற்பகலில் நேரில் போங்கள். ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: பாக்டீரியாவை நீங்களே வளர்த்தீர்களா, வளர்த்து வைத்ததைக் காட்டினார்களா? அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு இங்கிருந்து யாராவது போயிருக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத துறையில், அதன் ரேங்க் எதுவாக இருந்தாலும், பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.