பிறந்த தேதியைப் பார்த்து ஃபெயில் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். இல்லாதவர்கள் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரியில் நானும் என் துணைவியாரும் எங்கள் 1971 மாடல் அம்பாசிடர் மார்க் 2 காரில் தஞ்சாவூரிலிருந்து கொல்கத்தா வரை போய்த் திரும்பினோம். போக வர நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். படங்களை இங்கே போட்டிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள், நன்றி. ஆனால் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவர் எழுதியிருந்தார்: "சார், வண்டி அழகு. ஆனா இதெல்லாம் மியூசியத்துல நிக்க வேண்டியது. ஹைவேயில இறக்குறது சரியில்ல சார்." என் பதிவுக்கு விழுந்த லைக்கை விட அந்தப் பின்னூட்டத்துக்கு விழுந்த லைக் அதிகம்!

அதற்கு அடுத்த வாரம் பதிவுச் சான்றைப் புதுப்பிப்பது பற்றி விசாரிக்கப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், அம்பது வருஷம் தாண்டிடுச்சு. வின்டேஜ்ல மாத்திடுங்களேன், கௌரவமா இருக்கும்" என்றார். எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து விதியை எடுத்துப் படித்த பிறகுதான் அந்தக் கௌரவம் என்னவென்று புரிந்தது.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதி அது. ஐம்பது வயது தாண்டிய, அடிப்படை அமைப்பு மாறாத சொந்த உபயோக வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். இதுவரை சரி. அடுத்த பத்தியில் இருக்கிறது விஷயம். அப்படிப் பதிந்த வண்டி சாலையில் இறங்கலாம், ஆனால் கண்காட்சிக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, வின்டேஜ் பேரணிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க. அவ்வளவுதான்! என் துணைவியாரை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போய் ஒரு காபி குடித்துவிட்டு வர முடியாது. கொல்கத்தாவை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எனக்கு இந்தக் கௌரவம் பழக்கமானதுதான். 34 ஆண்டு இயற்பியல் நடத்திய பிறகு 58 வயதில் எனக்கும் ஒரு விழா எடுத்தார்கள். சால்வை போர்த்தினார்கள், சந்தன மாலை போட்டார்கள், "சாரின் அனுபவம் இந்தப் பள்ளிக்கு என்றும் தேவை" என்று பேசினார்கள். மறுநாள் என் மேசையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நான் அதைக் குறை சொல்லவில்லை. இளைஞர்களுக்கு இடம் விட வேண்டும், அது நியாயம். ஆனால் சால்வை போர்த்தியவர்கள் யாரும் "இனிமேல் நீங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, ஆண்டு விழாவுக்கு மட்டும் வரலாம்" என்று சொல்லவில்லை. காருக்கு அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, சாதாரணப் பதிவிலேயே இருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். நம் மாநிலத்தில் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையை நான் முழு மனதாக வரவேற்கிறேன். இன்னும் கடுமையாக வையுங்கள் என்றுகூடச் சொல்வேன். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை எல்லாம் பாருங்கள். தேறாவிட்டால் நானே கொண்டுபோய் எடைக்குப் போடுகிறேன்.

என் சண்டை அதற்குப் பிறகு வரும் கணக்கோடு. 15 வயது தாண்டிய காரைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000. அதே சோதனை, அதே அலுவலர், அதே அரை மணி நேரம். வண்டியின் வயதைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. டில்லி வட்டாரத்தில் இன்னும் மேலே போனார்கள். டீசல் என்றால் 10 ஆண்டு, பெட்ரோல் என்றால் 15 ஆண்டு என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 அன்று அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

34 ஆண்டுகளில் எத்தனையோ விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். ஒரு தாளையாவது மாணவனின் பிறந்த தேதியைப் பார்த்துத் திருத்தியது உண்டா? தேர்வு வை. எழுதச் சொல். தப்பாக எழுதினால் சுழித்துவிடு. ஆனால் விடைத்தாளைத் திறப்பதற்கு முன்பே "இவன் வயசு ஜாஸ்தி, ஃபெயில்" என்று போட்டால் அதற்குப் பெயர் தேர்வா?

இப்போது கொல்கத்தாப் பயணத்துக்கு வருகிறேன். ஊர் சுற்றிய பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் கட்சிக்கு இதுதான் சாட்சி.

புறப்படும் முன் ஒன்றரை மாதம் வேலை நடந்தது. எங்கள் மெக்கானிக் பாய் நாலு சக்கரத்திலும் பிரேக் டிரம்மைக் கழற்றி லைனிங் மாற்றினார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து இளக்கிவிடும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய் அத்தனையும் புதிது போட்டோம். இந்த வண்டிக்குப் பிறவியில் சீட் பெல்ட் கிடையாது, அதையும் பொருத்தினோம். நாங்களே போட்டுக்கொண்ட விதிகள் மூன்று: மணிக்கு 60-ஐத் தாண்டுவதில்லை, இடது ஓரத் தடத்தை விட்டு நகர்வதில்லை, இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை.

நெல்லூர் தாண்டி ஓங்கோல் போகும் வழியில் நடுமதியம் இன்ஜின் இருமி நின்றது. வெயிலில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி இருபது நிமிடம் புளியமர நிழலில் உட்கார்ந்தோம். என் துணைவியார் தயிர்சாதத்தைப் பிரித்தார். சாப்பிட்டு முடிக்கவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது. ஸ்ரீகாகுளத்துக்கு முன் ஃபேன் பெல்ட் அறுந்தது. கையில் இருந்ததை நானே மாட்டினேன்.

ஒடிசாவில் பெர்ஹாம்பூருக்குள் நுழையும்போது பிரேக் மிதி கொஞ்சம் இறங்குவது போலத் தெரிந்தது. அங்கேதான் பயந்தேன். ஓரங்கட்டி விசாரித்ததில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பைக் காட்டினார்கள். வெளியே வந்தவருக்கு என் வயதிருக்கும். தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. நான் மிதியைக் காட்டினேன், அவர் பின் சக்கரத்தைக் காட்டினார். கழற்றிப் பார்த்தால் வீல் சிலிண்டரில் கசிவு. உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதற்குள் அம்பாசிடர் ரப்பர் கப், காகிதத்தில் சுற்றி. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பணம் வாங்கிக்கொண்டு பானெட்டை ஒரு தட்டுத் தட்டினார், பழைய சிநேகிதனைத் தட்டுவது போல.

இதை ஏன் சொல்கிறேன்? அந்த டப்பாவும் அந்தக் கையும் இன்னும் இருப்பதற்குக் காரணம், அந்தச் சாலையில் இன்னும் ஒன்றிரண்டு அம்பாசிடர் ஓடுவதுதான். எல்லாவற்றையும் கண்ணாடிக் கூண்டில் ஏற்றிவிட்டால் அவர் அந்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுவார். அவர் கைவேலை அவரோடு போய்விடும். பிறகு மியூசியத்தில் நிற்கும் கார் கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

கொல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளிக் கரையில் உத்தர்பாரா. அங்கேதான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஐம்பது ஆண்டுக்கும் மேல் அம்பாசிடர் செய்தது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோனது. ஆலைக்கு வெளியே காரை நிறுத்திப் படம் எடுத்தோம். "பொறந்த வீட்டைப் பார்த்துட்டா. போதும், கெளம்பலாங்க" என்றார் என் துணைவியார். நகரத்துக்குள் மஞ்சள் டாக்ஸிகள் இன்னும் கொஞ்சம் ஓடுகின்றன. வாடகை வண்டிக்கு 15 ஆண்டு வரம்பு என்பதால் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன.

இனி எதிர்க்கட்சிக்குப் பதில்.

'புகை.' உண்மை. என் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடும் புகை இன்றைய பி.எஸ். 6 காரை விட அதிகம்தான். அதை மறுத்தால் நான் இயற்பியல் வாத்தியாரே இல்லை. ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். கொல்கத்தா போகாத ஆண்டில் இது ஓடுவது 3,000 கிலோமீட்டருக்குள். தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் புது வண்டி ஆண்டுக்கு 18,000 ஓடுகிறது. எடைக்குப் போட்டுவிட்டுப் புது வண்டி வாங்கினால், அந்த இரும்பை உருக்கியதும் பிளாஸ்டிக் வார்த்ததும் புகை இல்லாமலா நடந்தது? இந்த ரகத்தில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். நகரத்தின் காற்று கெடுவது இவற்றால் என்று சொல்பவர், வகுப்பே சத்தம் போடும்போது மூலையில் இருமிய பையனை எழுப்பி நிற்க வைக்கிறார்.

'பாதுகாப்பு.' இதுவும் உண்மை. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, நாலு சக்கரமும் டிரம் பிரேக். அதனால்தான் 60. இரண்டு வாரமும் என்னைப் பயமுறுத்தியவை பழைய வண்டிகள் இல்லை. இடது பக்கமாக 120-இல் முந்தியவை அத்தனையும் பளபளக்கும் புது வண்டிகள். பிரேக் எவ்வளவு புதிதோ அவ்வளவு துணிச்சல் வந்துவிடுகிறது நம் ஆட்களுக்கு.

'வெளிநாட்டில் விடுவார்களா?' நன்றாகவே விடுகிறார்கள். ஜெர்மனியில் 30 வயது தாண்டி, நல்ல நிலையில், பழைய அமைப்போடு இருந்தால் எண் பலகையின் கடைசியில் 'எச்' எழுத்துப் போட்டுத் தருகிறார்கள். புகை கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள்ளும் போகலாம். தகுதிச் சோதனை மட்டும் தொடரும். பிரிட்டனில் 40 வயது தாண்டிய காருக்குச் சாலை வரியே கிடையாது. பேரணிக்குத்தான் போக வேண்டும் என்று அங்கே யாரும் மறிப்பதில்லை. கண்காட்சிக்குப் போகலாம், காய்கறி வாங்கவும் போகலாம்.

கார் என்ற பொருளே நீண்ட பயணத்தால்தான் மதிப்புப் பெற்றது என்பதையும் நினைவூட்டுகிறேன். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு ஓட்டிப்போனார் பெர்த்தா பென்ஸ். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். கார்ல் பென்ஸ் செய்தது ஒரு இயந்திரம். ஊருக்கு ஊர் போக அது உதவும் என்று காட்டியவர் அந்த அம்மையார்தான். கொட்டகையிலேயே துடைத்து வைத்திருந்தால் அன்றைக்கே அதற்கு மியூசியம்தான்.

நம் பழைய கார் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் காரை லாரியில் ஏற்றிவந்து, மைதானத்தில் இறக்கி, ஐந்து கிலோமீட்டர் ஊர்வலம் விட்டு, கோப்பை வாங்கி, மறுபடி லாரியில் ஏற்றுகிறீர்கள். 'ஓட்டத்தானே கூடாது, பேரணி இருக்கிறதே' என்று அந்த விதிக்குக் கை தட்டியவர்களும் நீங்கள்தான். ஓட்டாத காரில் ஆயில் சீல் காயும், டாங்க் துருவேறும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். முதலில் நீங்கள் ஓட்டுங்கள். பிறகு அரசிடம் நியாயம் கேட்போம்.

நான் கேட்பது மூன்றே மூன்று. வின்டேஜ் பதிவு பெற்ற வண்டி ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் வரை எங்கும் போகலாம் என்று விதியைத் திருத்துங்கள். வரம்பு எவ்வளவு என்பதை நீங்களே வையுங்கள், மீட்டர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் கட்டணத்தை வயதை வைத்துப் போடாமல் சோதனைக்கு ஆகும் செலவை வைத்துப் போடுங்கள். டில்லி ஆனாலும் தஞ்சாவூர் ஆனாலும், வண்டியை நிறுத்துவது சோதனையாக இருக்கட்டும், காலண்டராக வேண்டாம்.

என் மகள் வித்துவிடச் சொல்கிறாள். "அப்பா, பத்தாயிரத்தைக் கட்டி இன்னும் அஞ்சு வருஷம் இதோட மல்லுக்கட்டணுமா?" என்கிறாள். அவள் கவலை எனக்குப் புரிகிறது, அது காரைப் பற்றி மட்டும் இல்லை. நேற்று கட்டிவிட்டேன், சாதாரணப் பதிவிலேயே. அடுத்த வாரம் சோதனை. தேறினால் ஓட்டுவேன். தேறாவிட்டால் ஏன் என்று எழுதித் தரச் சொல்வேன். அதைச் சரி செய்துகொண்டு மறுபடி போவேன். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

அந்தப் பின்னூட்டம் போட்ட தம்பிக்கு: உன் மேல் எனக்கு வருத்தமே இல்லையப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. திருவையாறு வரை நீயே ஓட்டு. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும், முதலில் கொஞ்சம் குழப்பும், நான் சொல்லித் தருகிறேன். போய்வந்த பிறகும் மியூசியம்தான் என்று தோன்றினால் மறுபடி இங்கே எழுது. நானே லைக் போடுகிறேன்.

பகிர்வதும் திட்டுவதும் உங்கள் உரிமை. திட்டுவோர் பதிவை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டவும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்