செய்வதா, வாங்குவதா?

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். மார்ஜினல் காஸ்டிங் பாடத்தில் வரும் 'மேக் ஆர் பை' கணக்கு. ஒரு கம்பெனிக்கு ஒரு உதிரி பாகம் தேவை. நாமே செய்தால் ஒன்றுக்கு இவ்வளவு செலவு, வெளியே வாங்கினால் இவ்வளவு விலை. எது குறைவோ அதுதான் விடை. நானும் அதைப் போட்டு பத்துக்கு ஒன்பது வாங்கியவன்தான். (மீதி ஒரு மார்க் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.)

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. என்னிடம் இருக்கும் சாட்சி, இருபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் டாங்க்.

டாங்க் என்றதும் எங்கள் ஏரியாக்காரர்களுக்கு மணலி பக்கம் வரிசையாக நிற்கும் எண்ணெய் டாங்க்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் வரலாறு தெரிந்தவர்கள் என்றால், 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சுட்டுக் கொளுத்திய டாங்க். நான் சொல்வது அதில்லை. ராணுவ டாங்க். டி-72. நிஜத்தை 35ல் வகுத்தால் வரும் அளவு. ஏன் 35 என்று கேட்காதவர்கள் கிடையாது, அதனால் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி மோட்டார் வைத்த டாங்க் பொம்மை ஒன்று செய்தது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டிய இடத்தை வைத்து உடம்பின் அளவை முடிவு செய்தார்கள். அது ஏறக்குறைய 35ல் ஒரு பங்கு வந்தது. மற்ற கம்பெனிகளும் அதையே பிடித்துக்கொண்டன. அவ்வளவுதான் ரகசியம் :-)

கிட் வாங்கி ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. பிரச்சினை சின்னச் சின்ன சாமான்களில்தான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்குக்கு ஒரு அளவுக்குக் கீழே மெலிசு வராது. விரல் தடிமன் கைப்பிடிக் கம்பி 35ல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கிட்டில் அது உலக்கை மாதிரி இருக்கும். இதற்கென்றே பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்துச் செய்த செட்டுகள் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு. நான் விசாரித்த செட் 1,800 ரூபாய்.

வாங்கவில்லை. காசு இல்லை என்பதுதான் முதல் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. நானே செய்ய ஆரம்பித்தேன்.

கைப்பிடிகளுக்குப் பழைய சார்ஜர் ஒயரை உரித்து எடுத்த செம்புக் கம்பி. டாங்க் சிக்கிக்கொண்டால் இழுக்கிற வடத்துக்கு அதே கம்பி ஒன்பது இழை, ஒரு முனையை டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுற்றினால் அச்சு அசல் எஃகு வடம். ஆன்டெனாவுக்கு, பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் முடி மாதிரி நீளும். பின்னால் இருக்கும் இரண்டு டீசல் பீப்பாய்களுக்குப் பட்டை, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். வெல்டிங் கோட்டுக்கு, குழாய் ஒழுகினால் அடைப்போமே அந்த எம்-சீல், நூலாக உருட்டி ஒட்டியது.

மொத்தச் செலவு 60 ரூபாய். ஆனால் 26 மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் பக்கத்துத் தெருப் பசங்களுக்கு டியூஷன் எடுத்திருந்தால் மணிக்கு 100 ரூபாய். ஆக 2,600, அதோடு 60. செய்தால் 2,660, வாங்கினால் 1,800. பாடப்புத்தகத்தின் விடை: வாங்கு. என் நண்பன் ஒருத்தன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "மச்சி, உனக்கு 860 ரூபாய் நஷ்டம்டா" என்றான். அவன் கணக்கில் தப்பே இல்லை.

அந்தக் கணக்கில் வராதது இது. டி-72ன் பின்பக்கம் ஒரு மரக்கட்டையைக் கட்டியிருப்பார்கள். நாற்பது டன் இரும்புக்கு எதற்கு மரக்கட்டை? கிட்டில் இருப்பதை ஒட்டிவிட்டுப் போயிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். வேப்பங்குச்சியை வெட்டிச் செய்ய உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு நீளம், எங்கே கட்டுவது என்று தேடினேன். டாங்க் சேற்றில் மாட்டிக்கொண்டால் அந்தக் கட்டையைக் குறுக்காகச் சங்கிலிப் பட்டைகளில் கட்டுவார்கள். பட்டை சுற்றும்போது கட்டை அடியில் போகும், டாங்க் அதன்மேல் ஏறி வெளியே வந்துவிடும். ஒரு பாகத்தை வாங்கினால் அது எங்கே ஒட்டும் என்று தெரிந்தால் போதும். செய்ய வேண்டுமென்றால் அது எதற்கு என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று. அப்பா எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டில் வெல்டர். என் டாங்க் விவகாரத்தை அவர் கண்டுகொண்டதே இல்லை. ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்தவர் குனிந்து பார்த்தார்.

"இன்னாடா இது, பைப்பா?"

"வெல்டிங்குப்பா."

"எந்த வெல்டர்டா இவ்ளோ வழவழன்னு ஓட்டுனான்? கையால அடிச்சா அலை அலையா நிக்கும். ஒரு ராடு ஒரு சாண் தூரம்தான் ஓடும். அப்புறம் வேற ராடு மாத்தணும். மாத்துற எடத்துல முடிச்சு மாதிரி தெரியும். அதப் பாத்தே நல்லா அடிச்சானா, அவசரத்துல அடிச்சானான்னு சொல்லிடலாம்."

ஒரு சாணை 35ல் வகுத்தால் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். எம்-சீல் நூலை மறுபடி உருட்டி, பிளேடு முனையால் அலை கீறி, ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு முடிச்சு வைத்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூலையில் முடிச்சு வராது, மூலையைத் தாண்டித்தான் ராடு மாத்துவோம் என்றெல்லாம் சொன்னார். அவர் சோற்றில் இருபது வருஷத்துக்கு மேல் வளர்ந்தவன் நான். அவர் வேலையைப் பற்றி அவரிடம் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்தப் பக்கம்தான். வெல்டர் பிள்ளை, ஃபிட்டர் பிள்ளை, லேத் பட்டறைக்காரர் பிள்ளை, காசிமேட்டில் படகு ரிப்பேர் பார்க்கிறவர் பிள்ளை. எல்லாரும் பி.காம். கை அழுக்காகாத வேலைக்குப் போகணும் என்றுதான் அனுப்பினார்கள். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அப்பாவின் கண்ணையும் கையில் இருக்கும் தீப்பொறித் தழும்புகளையும் பார்த்தவன், அந்த வேலைக்குப் போங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொருளுக்கு என்ன விலை என்று மட்டும் படித்துவிட்டு, அது எப்படி உண்டாகிறது என்று வீட்டிலேயே இருக்கிற ஆளிடம் கேட்காமல் போவது சரியா?

பெரிய அளவிலும் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள், நம் ஆவடியில். 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்த டாங்கை உரிமம் வாங்கி, விஜயந்தா என்ற பெயரில் 1965ல் செய்ய ஆரம்பித்தார்கள். டி-72ஐ முதலில் சோவியத் யூனியனிடம் வாங்கி, பிறகு ஆவடியில் செய்தார்கள். 2001ல் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்குகளுக்கு ஒப்பந்தம். அதில் 124 முழுசாக வந்தவை. மீதி 186 எப்படி வந்தன தெரியுமா? கிட்டாக! இங்கே கோத்தார்கள். நம் நாடும் என்னை மாதிரிதான் :-) முழுக்க இங்கேயே தயாரான முதல் டி-90கள் 2009ல் வெளியே வந்தன.

நாமே வடிவமைத்த அர்ஜுன் திட்டம் ஆரம்பித்தது 1974ல். ராணுவத்தின் கைக்கு வந்தது 2004ல். முப்பது வருஷம் என்று கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. மணிக்கணக்குப் பார்த்தால் படுநஷ்டம்தான். அதன் இன்ஜின் இன்னும் ஜெர்மனி தயாரிப்பு என்பதும் உண்மை. ஆனாலும் 2021 பிப்ரவரியில் சென்னையில் வைத்து அடுத்த ரகமான மார்க்-1ஏ ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் ரகத்தைச் செய்து, அதன் குறைகளைப் பார்த்துத் திருத்தியவர்கள் இருந்ததால்தான் அடுத்தது வந்தது. அந்த அறிவை எந்த பேலன்ஸ் ஷீட்டில், எந்தத் தலைப்பில் எழுதுவது?

எல்லாவற்றையும் நீயே செய் என்று நான் சொல்லவில்லை. டாங்கின் சங்கிலிப் பட்டையை ஒவ்வொரு கண்ணியாகச் செய்யச் சொன்னால் நான் ஓடியே போய்விடுவேன். கிட்டே கடையில் வாங்கியதுதான். பித்தளை செட் வாங்கி ஒட்டுகிறவர்களின் டாங்க் என்னுடையதைவிட அழகாகவும் இருக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு தடவையாவது செய்து பார்த்துவிட்டு அப்புறம் வாங்கு. அப்போதுதான் 1,800 ரூபாய் அதிகமா குறைவா என்று சொல்ல உனக்கு யோக்கியதை வரும். நான் 26 மணி நேரம் முதுகு வலிக்கச் செய்த பிறகு சொல்கிறேன், அந்த விலை நியாயமானதுதான்.

அப்பா இப்போது வேலை விட்டு வந்தால் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார். பீப்பாய்ப் பட்டை கொஞ்சம் கோணலாம். நாளைக்குப் பிரித்து மறுபடி ஒட்டணும். இன்னும் இரண்டு மணி நேரம், டியூஷன் கணக்கில் 200 ரூபாய். எழுதிக்கொள்ளுங்கள்.

பி.கு.: எம்-சீல் உருட்டும்போது விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், ஒட்டாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. உங்களுக்கு இலவசம்.